திரும்பும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்: மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பூங்காவில் மூத்தோருக்கான காலை நடை

"தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை வெறுங்காலில் நடந்தவர்கள் நாங்கள். பூங்காவில் நடக்க எங்களுக்குப் பாடமா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த நடைக்கும் காட்டுப் பாதையில் நடப்பதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஊர்வலப் பாதையில் கால் வலித்தால் ஓரமாக ஒதுங்கி உட்காரலாம். வழியில் தண்ணீர் கொடுப்பார்கள். முடியவே இல்லை என்றால் ஒரு டாக்சியில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். காட்டுப் பாதையில் டாக்சி வராது. உள்ளே எவ்வளவு தூரம் நடந்தீர்களோ, அவ்வளவு தூரத்தையும் உங்கள் கால்களே திரும்பக் கடக்க வேண்டும். அதுவும் களைத்த கால்களோடு, ஏறிக்கொண்டிருக்கும் வெயிலில்.

அதனால் பூங்காவுக்குப் புறப்படும் முன்பே முடிவு செய்ய வேண்டியது, எங்கே திரும்புவது என்பதுதான். எதுவரை போவது என்பதை அதன் பிறகு யோசிக்கலாம்.

மூன்றில் ஒரு பங்கு

உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலோ அருகிலுள்ள பூங்காவிலோ நிற்காமல், சிரமப்படாமல் எத்தனை நிமிடம் நடக்கிறீர்கள் என்று ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள். 45 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதை மூன்றாகப் பிரியுங்கள். 15 நிமிடம் உள்ளே போவதற்கு, 15 நிமிடம் திரும்பி வருவதற்கு, மீதி 15 நிமிடம் கையிருப்பு. வழுக்கும் பலகை, எதிர்பாராத படிகள், திடீர் மழை, பாதையை மறித்து உட்கார்ந்திருக்கும் குரங்குக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அந்தக் கையிருப்புதான் ஈடுகொடுக்கும். கடிகாரம் 15 நிமிடம் ஆகிவிட்டது என்று காட்டினால், அழகான இடம் இன்னும் நூறு அடியில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். நூறு அடியில் இன்னொரு அழகான இடம் எப்போதும் இருக்கும்.

மெக்ரிட்சியில் இந்தக் கணக்கு மிகவும் முக்கியம். 1868ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட இதுதான் சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம். பிறகு அதை விரிவுபடுத்திய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயர் 1922ல் இதற்குச் சூட்டப்பட்டது. நுழைவாயிலை ஒட்டிய பகுதி சமதளம். புல்வெளி, இருக்கைகள், இசை மேடை, தண்ணீருக்கு மேல் வளைந்து செல்லும் பாலம், கழிப்பறைகள் எல்லாம் அங்கேயே உள்ளன. முழங்கால் வலி உள்ளவர்கள் அந்தப் பகுதியில் மட்டும் நடந்துவிட்டு வந்தாலும் அது குறைவான நடையாகிவிடாது. அதைத் தாண்டி, நீரோரமாகச் செல்லும் பலகைப் பாதைகள் தொடங்குகின்றன. புரூனஸ், பெத்தாய், செம்பெராய், ஜெரிங் என்று அவற்றுக்குத் தாவரங்களின் பெயர்களே வைக்கப்பட்டுள்ளன. பெத்தாயும் ஜெரிங்கும் உங்களுக்குச் சந்தையில் பழக்கமானவைதான். இங்கே அவற்றை மரமாகப் பார்க்கலாம், பறிக்கக் கூடாது.

எல்லாரும் கேட்பது ட்ரீடாப் வாக் தொங்குபாலத்தைப் பற்றித்தான். 250 மீட்டர் நீளம், காட்டுத் தரையிலிருந்து ஏறக்குறைய 25 மீட்டர் உயரம். மெக்ரிட்சி நுழைவாயிலிலிருந்து அங்கே போய்ச் சுற்றி வருவது 10 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடை. பல மணி நேரம் ஆகும். அதோடு அந்தப் பாலம் ஒருவழிப் பாதை. ஏறிய பிறகு, தலை சுற்றுகிறது என்று வந்த வழியே திரும்ப முடியாது. பாலம் முடிந்தபின் படிகளும் காத்திருக்கின்றன. வழக்கமாக நீண்ட தூரம் நடந்து பழகிய மூத்தோர் துணையோடு போய் வரலாம். மற்றவர்கள் பேரப்பிள்ளைகள் எடுத்து வரும் படங்களைப் பார்த்து மகிழலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கால்டிகாட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து பூங்காவுக்கு நடந்தும் வரலாம். ஆனால் அந்த நடையையும் மூன்று பங்குக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை

இந்தக் கட்டுரையில் என் சொந்த அனுபவம் ஒன்றையும் சேர்க்கிறேன். என் அம்மா நீரிழிவு நோய்க்குப் பல ஆண்டுகளாக மாத்திரை எடுப்பவர். ஒரு வெள்ளிக்கிழமை நான் விடுப்பில் இருந்தேன். காலையில் அவரை மெக்ரிட்சிக்கு அழைத்துப் போனேன். அன்று அவர் விரதம் என்பது எனக்குத் தெரியாது. காலை மாத்திரையை வழக்கம்போல் போட்டிருக்கிறார்; சாப்பாட்டை மட்டும் விட்டுவிட்டார். பலகைப் பாதையில் போகும்போது நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். திரும்பும் வழியில் பேச்சு குறைந்தது. பிறகு கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தது. கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். நெற்றி சில்லென்று வியர்த்திருந்தது, கை நடுங்கியது. "ஒண்ணும் இல்லம்மா, களைப்புதான்" என்றார். என் பையில் தண்ணீர் மட்டுமே இருந்தது. எதிரே வந்த ஒரு சீன மூதாட்டி நிலைமையைப் பார்த்ததும் தன் இடுப்புப் பையிலிருந்து மிட்டாய்களை எடுத்துக் கொடுத்தார். அவரும் நீரிழிவு நோயாளியாம். கால் மணி நேரத்தில் அம்மா தெளிந்தார். அந்த மூதாட்டி அன்று எதிரே வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

அம்மாவுக்கு வந்தது ரத்தத்தில் சர்க்கரை அளவு அளவுக்கு மீறிக் குறையும் நிலை. நடக்கும்போது தசைகள் சர்க்கரையைப் பயன்படுத்திக்கொள்கின்றன. அது நல்லதுதான், நீரிழிவு உள்ளவர்களை நடக்கச் சொல்வதே அதற்காகத்தான். ஆனால் இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும், கிளிபிசைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும், சாப்பிடாமல் நடந்தால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். நடந்து முடித்துச் சில மணி நேரம் கழித்தும் இறங்கலாம். உங்கள் மருந்து எந்த வகை என்று தெரியாவிட்டால், அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது மருந்தாளரிடம் மருந்து உறையைக் காட்டிக் கேளுங்கள். விரதம் இருப்பது உங்கள் விருப்பம். விரத நாளில் மருந்தை எப்படி எடுப்பது என்பதை மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருந்தை நீங்களாகவே நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். அன்றைக்குக் காட்டு நடையும் வேண்டாம்.

நடுக்கம், சில்லென்ற வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பமான பேச்சு ஆகியவை அறிகுறிகள். உடனே உட்கார்ந்து, 3 தேக்கரண்டி சர்க்கரைக்குச் சமமான இனிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கரைத்த தண்ணீரோ அரை டின் சாதாரண இனிப்புப் பானமோ போதும். "சர்க்கரை இல்லாதது" என்று விற்கப்படும் பானம் இதற்கு உதவாது. 15 நிமிடம் காத்திருந்து, சரியாகவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு எடுங்கள். தெளிந்தபின் பிஸ்கட்டோ ரொட்டியோ சாப்பிட்டுவிட்டுத்தான் எழ வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 995ஐ அழையுங்கள். உயர் ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ எடுக்கும் சில மாத்திரைகள் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமல் மறைத்துவிடும். அத்தகையவர்களுக்கு வியர்வையும் குழப்பமும் மட்டுமே அடையாளமாக இருக்கலாம். உடன் வருபவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

தண்ணீரும் கழிப்பறையும்

அம்மாவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. வெளியே போகிறோம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். "காட்டுக்குள்ளே கழிப்பறைக்கு எங்கே போறது?" என்பார். நம் வீடுகளில் பல பெண்கள் இப்படித்தான். சுரப்பி வீக்கம் உள்ள ஆண்களும் இதையேதான் செய்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. வயது ஏற ஏறத் தாக உணர்வு குறைகிறது. தாகம் எடுக்கவில்லை என்பதற்காக உடலில் நீர் போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தமில்லை.

கழிப்பறைகள் பெரும்பாலும் நுழைவாயில் பகுதியில்தான் உள்ளன. உள்ளே, தொங்குபாலத்துக்குப் போகும் வழியில் உள்ள வனக் காவலர் நிலையத்தில் கழிப்பறை உண்டு. ஆனால் அது வெகுதூரம். மூன்று பங்குக் கணக்கு இங்கேயும் கைகொடுக்கிறது. 15 நிமிடம் உள்ளே போய் 15 நிமிடத்தில் திரும்புபவர், புறப்படும் முன் கழிப்பறைக்குப் போய்விட்டுத் தாராளமாகத் தண்ணீர் குடிக்கலாம். அரை மணி நேரத்தில் மறுபடியும் அதே கழிப்பறைக்கு வந்துவிடுவார். சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை எடுப்பவர்கள், நடைக்குப் போகும் நாளில் அதை எந்த நேரத்தில் எடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளவோடு குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்த அளவையே பின்பற்ற வேண்டும்.

நேரம், வெயில், மழை

காலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடைப்பட்ட நேரம் நல்லது. ஆனால் காலைக் குளிர்ச்சியை முழுமையாக நம்பிவிட வேண்டாம். சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். ஈரக் காற்றில் அது உலராமல் வழிந்தோடுகிறது. காட்டுக்குள் நிழல் இருந்தாலும் காற்றோட்டம் குறைவு. அதனால் வெயில் படாமலேயே உடல் சூடேறிவிடும்.

எந்த வேகத்தில் நடப்பது என்பதற்கு எளிய சோதனை உண்டு. நடந்துகொண்டே உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே மிதமான உடற்பயிற்சி. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை இப்படி உடலை அசைப்பது நல்லது என்பது சிங்கப்பூரின் பரிந்துரை. பேசவே முடியவில்லை என்றால் நின்றுவிடுங்கள். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, தலைசுற்றல் வந்தால் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, கழுத்தையும் கைகளையும் நனைத்துக்கொள்ளுங்கள். உடல் கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பத் தாக்கு. உடனே 995ஐ அழைக்க வேண்டும். நெஞ்சு வலி அல்லது நெஞ்சு இறுக்கம் வந்தாலும் அப்படித்தான். "வாயுவாக இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு நடையை முடிக்கப் பார்க்காதீர்கள்.

இடிமழை பிற்பகலில்தான் வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், சுமத்ராப் பக்கத்திலிருந்து வரும் பலத்த காற்றும் மழையும் விடியற்காலையிலும் காலை வேளையிலும் தாக்கலாம். அப்படிப்பட்ட காலையில் காட்டுப் பாதை வேண்டாம். மழை விட்ட பிறகும் கிளைகள் முறிந்து விழலாம், பலகைகளும் வழுக்கும். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குத் திரும்புங்கள்.

காலணியை வளைத்துப் பாருங்கள்

அப்பா ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய விளையாட்டுக் காலணியை "புதுசு மாதிரி இருக்கு" என்று அலமாரியிலேயே வைத்திருந்தார். அதை அணிந்து பூங்காவுக்கு வந்தவருக்குப் பத்தே நிமிடத்தில் ஒரு காலின் அடிப்பாகம் கேக் துண்டுபோல உதிர்ந்து கழன்றது. வெறும் மேல் துணியோடு கூழாங்கல் பாதையில் நொண்டிக்கொண்டு திரும்பினார். பல காலணிகளின் அடிப்பாகத்தில் உள்ள பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருளை நம் ஊரின் ஈரக் காற்று மெல்ல மெல்லச் சிதைக்கிறது. அணியாமல் மூடி வைத்திருந்தாலும் அது நின்றுவிடாது. நடைக்கு முந்திய நாளே காலணியைக் கையில் எடுத்து வளைத்து, அடிப்பாகத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ பொடி உதிர்ந்தாலோ அது வேண்டாம். தேய்ந்த அடிப்பாகமும் செருப்பும் வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகள், காலணிக்குள் சிறு கல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்த பிறகு அணிய வேண்டும்.

மேற்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி படிப்பதற்குமான மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்குக் கீழே பார்க்கும்போது படியின் விளிம்பு மங்கலாகத் தெரியும். தலையையே சற்றுக் குனிந்து பாருங்கள். தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடி இருந்தால் அது இன்னும் நல்லது. கைகள் இரண்டும் காலியாக இருக்கட்டும், பை முதுகில் இருக்கட்டும். சேலையின் கரை பலகை இடுக்கிலும் படியிலும் சிக்கும் என்பதால் சுடிதார் வசதி. முழங்காலுக்குச் சோதனை ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில்தான். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் ஊன்றி இறங்குங்கள். கைத்தடி பயன்படுத்தினால், வலிக்கும் முழங்காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரமே தடிக்குச் சரியான உயரம்.

குரங்குகள்

நீள்வால் குரங்குகளைப் பார்த்ததும் ஆஞ்சநேயர் நினைவு வந்து, பையிலிருந்து வாழைப்பழத்தை எடுக்கக் கை போகும். அந்த அன்பு புரிகிறது. ஆனால் கொடுக்காதீர்கள். உணவு பெற்றுப் பழகிய குரங்கு அடுத்து வருபவரின் கையிலிருந்து பறிக்கும். அடுத்து வருபவர் உங்களைப் போன்ற ஒரு மூத்தவராக இருந்தால், அந்த இழுப்பில் விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம். அபராதம் ஆயிரக்கணக்கான வெள்ளியாக இருக்கலாம். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டு நடந்தாலே குரங்குகள் அதை உணவு என்று நினைத்துவிடும். அவற்றின் கண்ணை நேராகப் பார்க்காமல், பல் தெரியச் சிரிக்காமல், ஓடாமல், மெதுவாக விலகிச் செல்லுங்கள். நீர்க்கரையில் உடும்பு படுத்திருந்தால் அதற்கு வழிவிடுங்கள், அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும்.

பார்க்க இன்னும் எவ்வளவோ இருக்கிறது. தண்ணீருக்கு மேல் நீலமாகப் பாயும் மீன்கொத்தி, இரண்டு நீண்ட இறகுகளைப் பின்னால் இழுத்துப் பறக்கும் கரிச்சான் இனப் பறவை. காட்டின் சில பகுதிகளில் பழைய தோட்டங்களின் மிச்சமாகப் பால்மரங்கள் நிற்கின்றன. மலாயாத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் அந்த இலையைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொள்வார்கள். காய் வெடித்து விதை சிதறும் சத்தத்தைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உங்களைவிட்டால் ஆள் இல்லை.

வழியைக் கைப்பேசியில் வையுங்கள்

வழிகாட்டிப் பலகைகளில் பாதைகளின் பெயர்கள் தமிழில் இருக்காது. ஆங்கிலம் படிக்கச் சிரமப்படுபவர்கள், பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 995ஐ அழைக்க நேர்ந்தால், எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்ல, அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிச் சொல்லச் செய்ய, அந்தப் படமே உதவும். வீட்டில் ஒருவரிடம் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். துணைக்கு யாரும் இல்லாதவர்கள் அருகிலுள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்தில் நடைக் குழு இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

அண்மையில் மருந்து மாற்றப்பட்டவர்கள், கடந்த சில வாரங்களில் நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தவர்கள், கீழே விழுந்தவர்கள், முதலில் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோடு போக வேண்டாம். புகைமூட்டம் உள்ள நாளில் வீட்டிலேயே நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சமையலறை மேடையை ஒரு கையால் பிடித்தபடி, ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்முனையில் ஒட்டி வைத்து நடந்து பழகுங்கள். காட்டின் மேடுபள்ளத்துக்குக் கால்கள் இப்படித்தான் தயாராகின்றன.

வீட்டுக்கு வந்ததும் காலுறையைக் கழற்றிப் பாதத்தையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். கொப்புளம், சிவந்த தடிப்பு எதுவும் இருந்தால் கவனியுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் அன்று மாலை சர்க்கரை அளவைச் சோதிப்பது நல்லது. எத்தனை நிமிடத்தில் திரும்பினீர்கள், மறுநாள் முழங்கால் எப்படி இருந்தது என்று நாள்காட்டியில் குறித்து வையுங்கள். மறுநாள் வலி இல்லை என்றால் அடுத்த முறை உள்ளே போகும் நேரத்தில் 2 நிமிடம் கூட்டலாம்; கூட்டாமலும் இருக்கலாம். என் அம்மா ஒரு வருடமாக அதே இருக்கை வரைதான் போகிறார். அங்கே உட்கார்ந்து, இடுப்புப் பையிலிருந்து இரண்டு மிட்டாய்களை எடுத்து, ஒன்றை என்னிடம் நீட்டுவார்.